லாம்பு இறக்காத கிணறு

கலேவெல
22.07.2024

ஜனாப் ஹுஸ்னி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அர்த்தம் எடுக்க வேண்டாம்.

உங்கள் தங்கை ஆஸியா போன கிழமை மாத்தளைக்கு உம்மாவைப் பார்க்க வந்துவிட்டு, திரும்பும்போது ஒரு பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நானா தந்தாரு. கெணத்துல எறங்கக்குள்ள இதப் போட்டுக்கிட்டு எறங்கச் சொன்னாரு" என்று அண்ணன் பெருமை பாடினாள். திறந்தால் ஒரு ரப்பர் முகம். இரண்டு வட்டக் கண்ணாடி, வாய் இருக்க வேண்டிய இடத்தில் பால்மா டின் மாதிரி ஒரு டின். கோழிகள் கத்திக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடின. அவற்றுக்கு இருக்கும் புத்தி உங்கள் தங்கைக்கு இல்லை.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். என் தம்பி ஷிஃபான் கிணற்றுக்குள் மவுத்தான அன்று, மய்யித்து வீட்டில் வைத்து, "லாம்பு எறக்கிப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டீர்கள். இனி உங்கள் குரலைக் கேட்கமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. எழுத்தைப் பற்றிச் சத்தியம் ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் முறைப்பாடுகள் இவை. மாட்டிய உடனே மூச்சு வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தேன், கண் பிதுங்கிவிட்டது. ஆஸியா பின்னாலிருந்து உருவி எடுக்காவிட்டால் கிணற்றில் இறங்காமலே கதை முடிந்திருக்கும். உள்ளே வெள்ளைத் தூள் அப்பியிருக்கிறது. டின்னை ஆட்டினால் அரிசி ஆட்டுவது போல் சத்தம் வருகிறது. நெற்றிப் பக்கம் பென்சிலால் யாரோ எழுதியிருக்கிறார்கள், என்ன பாஷை என்று தெரியவில்லை. பெயர் போல இருக்கிறது. இன்னொருவன் வியர்த்த முகத்துக்குள் என் முகத்தை வைக்கச் சொல்கிறீர்களா?

மழை தொடங்குவதற்கு முன் பதினொரு கிணறு தூர்வார வேண்டும். இது உதவுமா, உதவாதா? ஒரு வரியில் எழுதினால் போதும்.

இப்ஹாம்

*

மாத்தளை
26.07.2024

மச்சான் இப்ஹாம்,

வஅலைக்குமுஸ்ஸலாம். 'ஜனாப்' என்று எழுதியதைக் கடையில் நாலு பேருக்குக் காட்டிச் சிரித்தேன். ஒரே பெஞ்சில் பத்து வருடம் இருந்து, என் தங்கையைக் கட்டி, என் சாரத்தை உடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போனவன் நீ. நான் 'நீ' என்றுதான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

டின்னின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதைக் கழற்று. அதைக் கழற்றாமல் மூச்சு வரவில்லை என்று முறைப்பாடு எழுதிய முதல் ஆள் நீதான்.

தூள், ரப்பர் ஒட்டாமல் இருக்கப் போடுகிற பவுடர். சத்தம், உள்ளே இருக்கும் கரி. பென்சில் எழுத்து எந்த நாட்டுக்காரன் எழுதியதோ! கொழும்பில் ஏலத்தில் எடுத்த மூட்டை அது. பழைய பூட்ஸ், கூடாரத் துணி, தண்ணீர்க் கேன் எல்லாம் பார்த்து எடுத்தேன், அடியில் இருபது முகமூடி கிடந்தது. ஏதோ ஒரு தேசத்து இராணுவச் சாமான். அந்தத் தேசமே இப்போது இல்லையாம், முகமூடி மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. பெட்டியில் திகதி 1974. ஒருநாளும் பாவிக்காதவைதான். உன்னுடையதை மட்டும் யாரோ போட்டுப் பார்த்திருக்கிறான் போல.

சோதிக்காமல் உனக்குத் தந்திருப்பேன் என்று நினைக்காதே. கடையின் பின்னால் சட்டியில் ஒரு கிலோ செத்தல் மிளகாயைப் போட்டுக் கருக்கினேன். எங்கள் திருகோணமலை வீதி பாதி தூரத்துக்குத் தும்மியது. நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு சட்டிக்கு மேலே குனிந்து நின்றேன். ஒரு தும்மல் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மிளகாய் இடிக்கிற மில்காரர்கள் ஆறு பேர் அங்கேயே வாங்கிக்கொண்டு போனார்கள். எல்கடுவ தோட்டத்தில் மருந்து அடிக்கிற இராமசாமி அண்ணன் ஒன்று கொண்டுபோனார்.

ஆஸியா இங்கே வந்து அழுதாள். "அவரு தம்பி போன மாதிரியே போயிருவாரு நானா" என்றாள். அதற்காகத்தான் தந்தேன்.

மேலே ஒரு வரியை வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

ஹுஸ்னி

*

கலேவெல
05.08.2024

ஹுஸ்னி,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிறாயா, அறிவுரை சொல்கிறாயா என்று தெரியவில்லை. இரண்டும் வேண்டாம்.

மூடியைக் கழற்றினேன். மூச்சு வருகிறது. இதுவரை மூன்று கிணறு முடித்துவிட்டேன். முன்பெல்லாம் முதலில் குப்பி லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அணையாமல் இருந்தால்தான் மனிதன் இறங்குவது. பிறகு வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் அடித்துக் காற்றைக் கலக்குவோம். அதற்கே ஒரு மணித்தியாலம் போகும். இப்போது அந்த வேலையெல்லாம் இல்லை. முகமூடி இருக்கும்போது லாம்பு யாருக்கு? தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பையும் கிணற்றின் நடுப்படியில் வைத்தே ஓட்டுகிறேன். மேலே கயிறு பிடிக்கிற றஹீமுக்குப் பயம். அவன் நாவுலப் பக்கத்து ஆள், போன வருடம்தான் என்னிடம் வந்தான். "நானா, இது சரியில்ல நானா" என்று ஒரே பாட்டு. நான் முகமூடிக்குள்ளிருந்து அவனை ஒரு பார்வை பார்ப்பேன், வாயை மூடிக்கொள்வான்.

ஆனால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இந்த ரப்பர் வியர்க்குமா? வேலை முடிந்து கழுவி, துடைத்து, பம்ப் வைக்கும் கொட்டிலில் ஆணியில் மாட்டுகிறேன். காலையில் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது, யாரோ இரவெல்லாம் அதற்குள் மூச்சு விட்ட மாதிரி. ஆஸியா அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். "அதுக்குள்ள யாரு இருந்தாண்டு தெரியாம எப்பிடி ஊட்டுல வைக்கிறது?" என்கிறாள். மறுநாள் துவாயிலும் மூக்குக்கு நேராக ஈரம்.

இன்னொன்று. போட்டுக்கொண்டால் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது. அது சரி. ஆனால் நான் மூச்சை விட்டு முடித்த பிறகு இன்னொரு மூச்சு கேட்கிறது. சின்னதாக. என்னுடையதைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி, கொஞ்சம் பிந்தி.

மூன்றாவது கிணற்றில், நாற்பது அடிக்குக் கீழே, "நானா" என்று யாரோ கூப்பிட்டார்கள். றஹீமா என்று மேலே பார்த்தேன். அவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக என் உடம்பில் இல்லாத ஒரு சுகம், கை கால் எல்லாம் பஞ்சாகிவிட்டது. மேலே வந்தபிறகு தலைவலி. வெயில்தான் என்று நினைக்கிறேன்.

வியர்க்குமா என்பதற்கு மட்டும் பதில் எழுது.

இப்ஹாம்

*

மாத்தளை
09.08.2024

மச்சான்,

ரப்பர் வியர்க்கும். இரவில் குளிர்ந்தால் எல்லாமே வியர்க்கும். மூச்சு விடும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் இதழ் இருக்கிறது. ஐம்பது வருடத்தில் அது விறைத்திருக்கும், பிந்தித்தான் மூடும். அந்தச் சத்தம்தான் உனக்கு இரண்டாவது மூச்சு. பயந்தாங்கொள்ளி.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்டுத்தான் இரண்டு வருடம் உன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறேன். இப்போதுதான் நாலு கடிதம் ஓடியிருக்கிறது, 'ஜனாப்' போய் 'ஹுஸ்னி' வந்திருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். நீ தொழில் தெரிந்தவன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நான் ஒரு புது வேலை தொடங்கியிருக்கிறேன். டின்னுக்குள் கரி பழசாகியிருந்தால் சிரட்டைக் கரி போட்டு நிரப்பலாமே என்று யோசித்தேன். இரும்பறுக்கும் வாளால் ஐந்து டின்னை அறுத்துவிட்டேன். கரிக்குக் கீழே மடித்து மடித்து ஒரு சாம்பல் நிறக் கடதாசி. பிய்த்தால் பூனை மயிர் போல நுண்ணிய தும்பு பறக்கிறது. வெயில் கீற்றில் அது மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழே விழுவதில்லை. கடையெல்லாம் அதுதான். இரண்டு நாளாகத் தொண்டை அரிக்கிறது, மல்லித் தண்ணீர் குடிக்கிறேன்.

"நானா" என்று கூப்பிட்டது றஹீமாகத்தான் இருக்கும். வேறு யார்?

ஹுஸ்னி

*

கலேவெல
19.08.2024

ஹுஸ்னி,

இதை ஆஸியா பார்க்காமல் எழுதுகிறேன். நீயும் அவளிடம் சொல்லாதே.

றஹீம் இல்லை. அது ஷிஃபான்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன். நாலாவது கிணற்றிலும் கேட்டது. ஐந்தாவது, பஸீர் ஹாஜியாருடைய தென்னந்தோட்டத்துக் கிணறு. ஒடுங்கியது, நாற்பத்தைந்து அடி. அங்கே தெளிவாகக் கேட்டது. "நானா, கீழ வாங்க. இங்க நல்ல குளிரு" என்றான். அவன் பேச்சில் ஒரு இழுவை இருக்கும், உனக்கு நினைவிருக்கும். அதே இழுவை. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பிடிடா ஈக்கிறாய்?" என்று கேட்டேன். "நல்லா ஈக்கிறேன். நீங்க ஏன் மேலேயே நிக்கிறீங்க?" என்றான். கோபமே இல்லை அவனிடம். இரண்டு வருடமாக நான் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், அவனுக்கு என்மேல் கோபம் இருக்குமோ என்று. இல்லை, ஹுஸ்னி. ஒரு துளி இல்லை. அழுதேன். முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

றஹீம் கயிற்றை இழுத்துவிட்டான். மேலே வந்து வாந்தி எடுத்தேன். என் உதடு நீலமாக இருந்தது என்று ஆஸியா கத்தினாள். அடுத்த நாள் வேலை இல்லாமலே அதே கிணற்றுக்குப் போனேன். வேலை மிச்சம் இருக்கிறது என்று ஹாஜியாரிடம் பொய் சொன்னேன். அவனோடு கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது எழுத வந்த விஷயம். ஷிஃபான் மவுத்தான அந்தக் கிணற்றை, கொங்கிரீட் மூடி போட்டு இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்தார்களே, அதைத் திறக்கப் போகிறார்கள். காணியை வாங்கியவர் என்னைத்தான் கேட்டார். வேறு யாரையும் இறங்க விடமாட்டேன். 29ஆம் திகதி வியாழக்கிழமை இறங்குகிறேன். மற்றக் கிணறுகளிலேயே இவ்வளவு பேசுகிறான் என்றால், அங்கே எப்படிப் பேசுவான் என்று நினைத்தால் இரவு தூக்கம் வரவில்லை.

உன் முகமூடிக்கு நன்றி. அது இருக்கும்போது ஒன்றும் நடக்காது. அது இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் கீழே இருக்க முடியுமா?

இப்ஹாம்

*

மாத்தளை
24.08.2024

மச்சான் இப்ஹாம்,

இதை முழுதாகப் படி. பாதியில் கிழித்துப் போடாதே.

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே உனக்குப் போன் எடுத்தேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் எடுத்தேன். பிறகு ஆஸியாவுக்குச் சொன்னேன், உன்னிடம் சொல்லச் சொன்னேன். "சொல்றதுண்டா எழுதச் சொல்லு" என்று நீ சொன்னாயாம். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை, உன் கடிதம் வருவதற்கு முன், கிருஷாந்தினி டீச்சர் தார்ப்பாய் வாங்கக் கடைக்கு வந்தார். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர். நான் அறுத்து வைத்திருந்த டின்களைப் பார்த்தார். சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு பின்காலால் வீதிக்கே போய்விட்டார். அங்கிருந்து பேசினார். "யாருங்க இத வெட்டச் சொன்னாங்க? இந்த மாதிரிப் பழைய வடிகட்டில கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தும்பு நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராதுங்க. மூடுங்க கடைய!" என்றார். கல்நார் என்றால் அஸ்பெஸ்டஸ். நான் சிரட்டைக் கரி பற்றிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன், என் மிளகாய்ச் சோதனையையும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொளகாப் புகைங்கறது தூளு. அத எந்தச் சல்லடையும் புடிக்கும். இது காத்தச் சலிக்கிற சாமான், காத்தக் குடுக்கிற சாமான் இல்லைங்க. கெணத்துக்குள்ள நல்ல காத்தே இல்லாட்டி எத சலிக்கும்? பம்பு விடுற புகைய இது தடுக்கவும் தடுக்காது. அதுக்கு மணமும் இல்ல. மனுசன் சுகமாத் தூங்குற மாதிரி இருக்கும், சத்தம் கேக்கும், ஆள் தெரியும், அப்பிடியே முடிஞ்சிரும்."

சத்தம் கேட்கும் என்று அவராகத்தான் சொன்னார் இப்ஹாம். உன் பழைய கடிதங்களையும் நான் அவருக்குக் காட்டவே இல்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மிளகாய் வறுத்துச் சோதித்தேனாம்! உன்னைக் காப்பாற்ற என்று தந்து, உன் கையிலிருந்த லாம்பைப் பிடுங்கியிருக்கிறேன். லாம்பு இருந்தவரை உனக்குப் பயம் இருந்தது. அந்தப் பயம்தான் உன்னைக் காப்பாற்றியது.

கீழே பேசுவது ஷிஃபான் இல்லை. காற்றில்லாத மூளை உனக்கு வேண்டியதை உனக்கே சொல்கிறது. அவன் கோபமில்லை என்று சொன்னது, நீ கேட்க ஏங்கியது.

போன கடிதத்தில் விழுங்கிய கேள்வியை இப்போது கேட்கிறேன். நீ வாழ்நாள் முழுக்க என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை. லாம்பு இறக்கிப் பார்த்தாயா? ஒரு கிணற்றிலாவது? 29ஆம் திகதி லாம்பை இறக்கு. அணைந்தால் இறங்காதே. அந்த ரப்பரைத் தொடாதே, இரண்டு பையில் போட்டுக் கட்டி வை.

ஹுஸ்னி

*

கலேவெல
27.08.2024

ஜனாப் ஹுஸ்னி அவர்களுக்கு,

எனக்குத் தெரியும், நீங்கள் கடைசியில் அதைத்தான் கேட்பீர்கள் என்று.

டீச்சரம்மா படித்தவர். அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். கீழே காற்றில்லை, முகமூடி வெறும் ரப்பர், பேசுவது என் மூளை. ஒத்துக்கொள்கிறேன். மேலே எவ்வளவு காற்று இருக்கிறது! இரண்டு வருடமாக இந்த நல்ல காற்றைக் குடித்துக்கொண்டு நான் என் தம்பியின் குரலை ஒரு தரம் கேட்டேனா? கனவில்கூட அவன் என்னிடம் பேசவில்லை. காற்றில்லாத இடத்தில் பேசுகிறான் என்றால் நான் அங்கே போவேன்.

லாம்பு இறக்கமாட்டேன்.

ஆஸியாவிடம் வியாழக்கிழமை வேலையைத் தள்ளிப் போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை ஆகிவிடும். அதற்காகவே இன்று தபாலில் போடுகிறேன்.

இப்ஹாம்

*

கலேவெல
02.09.2024

ஹுஸ்னி மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாம் கடமைக்கு இல்லை.

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். நடந்ததை ஆஸியா போனில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு மூடியைப் புரட்டினோம். இரண்டு வருடக் காற்று மேலே வந்தது. மணம் ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. றஹீம் கயிறு பிடிக்கமாட்டேன் என்றான். பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் பிடித்தான். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பாதி தூரத்திலேயே பேசத் தொடங்கிவிட்டான். அடியில் சேற்றுக்கு மூன்று முழம் மேலே ஒரு கல் படி இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். என் மூச்சு, பிறகு அந்தப் பிந்திய மூச்சு. கண்ணாடிக்கு வெளியே ஒரே இருட்டு, ஆனால் அந்த இருட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "கயித்த அவுருங்க நானா. இழுத்துருவானுகள்" என்றான். அவிழ்த்தேன். மச்சான், மறைக்க ஒன்றுமில்லை. சந்தோஷமாகத்தான் அவிழ்த்தேன். அப்படி ஒரு நிம்மதி. கண் தானாக மூடியது.

அப்போது மேலேயிருந்து உன் குரல் கேட்டது.

"இப்ஹாம்! லாம்பு எறக்கிப் பாத்தியா?"

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது! என் தம்பியின் பக்கத்திலே வந்தும் அதே கேள்வியா! இவன் பல்லை உடைக்காமல் விடுவதில்லை என்று எழும்பினேன். கயிற்றைத் தேடிப் பிடித்துக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு ஆட்டினேன். இழுத்தார்கள். கிணற்று வாயில் வந்து விழுந்ததும் முகமூடியை உருவி எறிந்துவிட்டு "எங்க அவன்? எங்க ஹுஸ்னி?" என்று கேட்டேனாம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நினைவிருக்கிறது.

யாரும் வரவில்லை என்று றஹீம் சாதிக்கிறான். அவன் கயிற்றைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்! நீ கூப்பிட்டுவிட்டு, நான் மேலே வருவதைப் பார்த்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாய். என் சத்தியத்துக்காக ஒளிந்தாய். எனக்கு உன்னைத் தெரியாதா?

கட்டிலில் கிடந்து யோசித்தேன். மற்றக் குரலை என் மூளை உண்டாக்கியிருக்கலாம். உன் குரலை உண்டாக்கியிருக்காது. இந்த உலகத்தில் நான் கேட்க ஆசைப்படாத ஒரே குரல் அது. அதனால்தான் அது மெய் என்று தெரிந்தது.

நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். இல்லை. இறக்கவில்லை. அன்று வேலை அவசரம். ஷிஃபான்தான் "லாம்ப எறக்குவோமா நானா?" என்று கேட்டான். "நேத்துத்தானே எறங்கினோம், போடா" என்றேன். இதை ஆஸியாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. நீ அன்று கேட்ட கேள்வியையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏன் பேச்சில்லை என்று ஊர் எவ்வளவோ கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நீ வந்தாய் என்று உன் வாயால் சொல்லு, போதும்.

இப்ஹாம்

*

மாத்தளை
13.09.2024

மச்சான்,

ஜும்ஆ முடிந்து வந்து எழுதுகிறேன். நாலு நாளாக இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன். 'ஆமாம், வந்தேன்' என்று இரண்டு சொல் எழுதினால் முடிந்துவிடும். உனக்கும் நிம்மதி, எனக்கும் மரியாதை.

நான் வரவில்லை.

நீ கடிதத்தை வாசித்துவிட்டாய் என்றும், வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டாய் என்றும் ஆஸியா புதன்கிழமை சொன்னாள். நம்பினேன். வியாழக்கிழமை காலை இங்கே நெஞ்சு கிளினிக்கில் இருந்தேன். டீச்சர்தான் துண்டு எழுதித் தந்து அனுப்பினார். பதினொரு மணிக்கு என் வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு கிளிப். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நர்ஸ் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு சொல் பேசியிருக்க முடியாது. உன்னை நினைத்தேனா என்றால் அதுவும் இல்லை. என் நெஞ்சைப் பற்றிய பயம்தான் இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். என் நெஞ்சில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லையாம். தும்பு போயிருந்தால் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியுமாம். இருபதில் பதினாறு முகமூடியைச் சேர்த்தெடுத்து, ஈரத்துணி சுற்றி, பையில் கட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைத்துவிட்டேன். மற்றவற்றையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். உன் சத்தியத்துக்காக உள்ளே வரவில்லை. அதுதான் நான் கலேவெலப் பக்கம் வந்த ஒரே நாள்.

உன் கடிதத்தைக் கிளினிக் டொக்டரிடமும் வாசித்துக் காட்டினேன். மூளை எந்தக் குரலையும் உண்டாக்கும் என்றார். உண்டாக்கும்தான். ஆனால் நீ எழுதியது சரி. சாகத் துணிந்த உன் மூளை என் குரலைத் தேடி எடுத்திருக்காது. அது உனக்கு வேண்டியதைத்தான் தந்துகொண்டிருந்தது. உன்னை மேலே ஏற்ற நினைத்த யாரோ கூப்பிட்டிருக்கிறார். அன்பாகக் கூப்பிட்டால் நீ கீழேயே இருந்துவிடுவாய், கோபம் வந்தால்தான் எழும்புவாய் என்று உன்னை நன்றாகத் தெரிந்த யாரோ.

மவுத்தானவர்கள் திரும்பப் பேசுவதில்லை என்றுதான் நாம் ஓதியிருக்கிறோம். நான் ஆலிம் இல்லை. அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி யாருக்கெல்லாம் தெரியும் என்று நாலு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், தூக்கம் இல்லை. நீ 'மய்யித்து வீட்டில் வைத்து' என்று எழுதினாய். வீட்டில் எங்கே வைத்துக் கேட்டேன் என்று நினைத்துப் பார். ஊருக்கு முன்னால் இல்லை. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது, திரைக்குள்ளே, உன் காதோரம் குனிந்து, மெதுவாகக் கேட்டேன். நீயும் ஒருவரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திரைக்குள் நாலு பேர் இருந்தோம். தண்ணீர் வார்த்த பள்ளிவாசல் மோதினார் அப்பாவுக்கு இரண்டு காதும் கேட்காது. பிறகு நீ. பிறகு நான்.

நாலாவது ஆள் பலகையில் கிடந்தான்.

ஹுஸ்னி